தாய்மாமன் இல்லாத காதுகுத்து

போன மாசம் பாப்பாவுக்கு முடி இறக்கி காது குத்தினோம். காங்கேயம் பக்கத்துல எங்க வீட்டுக்காரரோட குலதெய்வம் கோயில். பொங்கல் வெச்சு, கிடா வெட்டி, ஒறம்பரை எல்லாம் வந்து நல்லபடியா தான் போயிட்டு இருந்துச்சு. ஆசாரி கம்பிய எடுத்து வெச்சுட்டு நிமிர்ந்து பாத்து "தாய்மாமன் வந்து உக்காருங்க"ன்னாரு. எனக்கு கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல, நான் ஒத்தப் பொண்ணு, அதனால பெரியப்பா பையனைத் தான் பெங்களூர்ல இருந்து லீவு போட வெச்சு வரச் சொல்லியிருந்தோம். அண்ணனுக்கு இது பழகிப் போச்சு. பெரியப்பாவுக்கு அவர் ஒருத்தர், எங்க அப்பாவுக்கு நான் ஒருத்தி, சித்தப்பாவுக்கு ரெண்டும் பொண்ணு, ஆக மூணு வீட்டுக்கும் சேத்து தாய்மாமன் போஸ்டிங் அவருக்கு மட்டும் தான். அவர் மடியில உக்காந்து காது குத்திக்கிட்ட குழந்தைங்க இதோட நாலு. "இனிமே மடிக்கு வாடகை வாங்கலாம்னு இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே வந்து உக்காந்தாரு.

முதல் காது குத்துனதும் பாப்பா அலறின அலறல்ல கோயில் மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சு. ரெண்டாவது காதுக்கு ஆசாரி கைய கொண்டு போறாரு, இவ தலைய ஆட்டி ஆட்டி "ஒண்ணு போதும், ஒண்ணு போதும்"னு கத்துறா. சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. என் மாமியார் மட்டும் சிரிக்கல. கார்ல திரும்பி வரும்போது, வெள்ளகோவில் ரோட்டுல இருந்து ஆரம்பிச்சாங்க, "அவளே சொல்லிட்டாளே ஒண்ணு போதும்னு, இனி நான் சொல்லி என்ன ஆகப்போகுது, ஒரு கண்ணும் கண்ணா, ஒரு புள்ளையும் புள்ளையா". கல்யாணமாகி மூணாவது மாசத்துல "ஏதாச்சு விசேஷம் உண்டா"ல ஆரம்பிச்சது, பாப்பாவுக்கு ஒரு வயசு முடிஞ்சதும் "அடுத்தது எப்போ"ன்னு மாறி, இப்ப பழமொழில வந்து நிக்குது.

இதுல ஒரு விஷயம், என் வீட்டுக்காரரும் ஒத்தப் புள்ள. அன்னைக்கு ஏதோ ஒரு தைரியத்துல கேட்டுட்டேன், "ஏனுங்க அத்தை, நீங்க மட்டும் ஏன் ஒண்ணோட நிறுத்துனீங்க". கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். கோவப்படல. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் "அப்ப தறி ஓடிட்டு இருந்துச்சு கண்ணு"ன்னாங்க. பல்லடம் பக்கம் அவங்க வீட்டோட ஒட்டி ஒரு ஷெட், நாலு விசைத்தறி, கூலிக்கு நெசவு. மாமா ரெண்டு தறி, இவங்க ரெண்டு தறி. ஷெட் உத்தரத்துலயே சேலைத் தொட்டில் கட்டி இவரப் போட்டுட்டு, அந்த தறிச் சத்தத்துலயே தூங்க வெச்சு, நூல் அறுந்தா ஓடிப் போய் முடிச்சுப் போட்டு, பால் குடுத்து, திரும்பி ஓடி. இன்னொண்ணு பொறந்தா ரெண்டு தறி ஒரு வருஷம் நிக்கும், நின்னா கடன் கட்ட முடியாது, அவ்வளவு தான் கணக்கு. "நாங்க என்ன உக்காந்து பேசியா முடிவு பண்ணோம், தறி முடிவு பண்ணுச்சு"ன்னாங்க. அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் யாரும் பேசல.

எனக்கு அதுல இருந்து இதே நெனப்பு. "எத்தனை குழந்தை வேணும்"ங்கறது புருஷன் பொண்டாட்டி ஆசைப்பட்டு எடுக்கற முடிவு மாதிரி எல்லாரும் பேசறோம், எங்க குடும்பத்துல மூணு தலைமுறைய எடுத்துப் பாத்தா ஆசைன்னு ஒண்ணு தனியா இருந்த மாதிரியே தெரியல. முதல்ல வேற ஏதோ ஒண்ணு நம்பரை எழுதி வெச்சிருது, அப்புறம் நாம அதுக்கு ஆசைன்னு பேர் வெச்சுக்கறோம்.

எங்க ஆத்தா, அதாவது அப்பாவோட அம்மா, ஏழு பெத்தவங்க. அஞ்சு தங்குச்சு. கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனம், பன்னெண்டு ஏக்கரா, மஞ்சளும் நெல்லும். மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, காயப் போட்டு, பாலிஷ் போடற வரைக்கும் எத்தனை கை இருந்தாலும் பத்தாது. ஆறு வயசுப் பையன் ஆட்டை ஓட்டிட்டுப் போவான், எட்டு வயசுப் பொண்ணு கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கும். நான் காலேஜ் படிக்கும்போது ஒரு தடவ ஆத்தாகிட்ட "எத்தனை புள்ள வேணும்னு நெனச்சீங்க"ன்னு கேட்டேன், அவங்களுக்கு கேள்வியே புரியல. "எத்தனை மழை வேணும்னு கேப்பியா அம்மிணி, பேஞ்சா பேஞ்சது தான்"னாங்க. செத்துப் போன ரெண்டு பேரையும் கணக்குல சேத்து தான் எப்பவும் ஏழுன்னு சொல்லுவாங்க, ஒண்ணு பேதி, இன்னொண்ணு என்னன்னே தெரியாத காய்ச்சல். அந்தக் காலத்துல அஞ்சு வேணும்னா ஏழு பெக்கணும், யாரும் சொல்லல, எல்லாருக்கும் தெரியும். இப்ப தமிழ்நாட்டுல 1000 குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள எறந்து போறது 13 தான், அது 2020 கணக்கு. ஒண்ணு பெத்தா அது நம்மகிட்ட நிக்கும்ங்கற நம்பிக்கை வந்த பின்னாடி தான் ஒண்ணோட நிறுத்தற யோசனையே வரும், இத யாரும் பெருசா பேசறதில்ல.

அப்பா தலைமுறைல அந்த பன்னெண்டு ஏக்கரா மூணா பிரிஞ்சுது. ஆளுக்கு நாலு. நான் 1990ல பொறந்தேன். கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசினாங்களாம், ஆரம்ப சுகாதார நிலையத்து செவுத்துல சிவப்பு முக்கோணம் போட்டு "நாம் இருவர் நமக்கு இருவர்"னு எழுதியிருந்துச்சு, ஆனா எங்க அப்பா ரெண்டுக்கு கூட போகல. "இந்த நாலையும் வெட்டினா அப்புறம் வரப்பு தான் மிஞ்சும்"னு அப்பா சொன்னது இன்னைக்கும் எங்க ஊர்ல பேமஸ். அதுக்கு முந்தின வருஷம் 1989ல பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்திருந்துச்சு, அதனால பொண்ணு பொறந்தா பங்கு வேண்டாம்ங்கற பழைய கணக்கும் ஓடாது. ஒத்தப் பொண்ணுன்னா நகை நட்டு சீர்னு தனியா தேட வேண்டாம், நாலு ஏக்கராவே சீர். அப்பா பாசக்காரர் தான், நான் இல்லேங்கல, ஆனா அவர் என்னைய ஒத்தையா வளத்ததுல பாசத்துக்கு எவ்வளவு பங்கு, வாய்க்கால் தண்ணிக்கு எவ்வளவு பங்குன்னு எனக்கு இன்னும் பிரிச்சுப் பாக்க தெரியல.

எங்க பக்கம் எங்க போனாலும் இந்த ஒத்தப் புள்ள வீடு நெறைய. ஆனா தமிழ்நாடு பூராவுமே இப்படித் தான் எறங்கியிருக்கு. தேசிய குடும்ப நல சர்வேன்னு ஒண்ணு எடுக்கறாங்க, அதுல 1992-93ல ஒரு பொண்ணுக்கு சராசரியா கிட்டத்தட்ட 2.5 குழந்தை, 2019-21ல அது 1.8. அரசாங்கத்தோட இன்னொரு கணக்குல 2020ல 1.4ன்னு வருது. எதை எடுத்தாலும் 2.1க்கு கீழ தான், 2.1 இருந்தா தான் ஜனத்தொகை அப்படியே நிக்கும்னு சொல்லுவாங்க. பீகார்ல அதே 2019-21ல 3.0. நெறைய பேர் "பொண்ணுங்க படிச்சுட்டாங்க அதான்"னு ஒரே வரியில முடிச்சுருவாங்க. கேரளாவுக்கு வேணா அது சரி. இங்க 1991ல பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குத் தான் எழுதப் படிக்கத் தெரியும், அப்பவே எண்ணிக்கை எறங்கி முடியற கட்டத்துக்கு வந்துருச்சு. எங்க அம்மா அஞ்சாவது, மாமியார் மூணாவது. அந்தத் தலைமுறைல நெறைய பேர் தாங்க படிச்சதால கம்மியா பெக்கல, தன் புள்ளைய படிக்க வைக்கணும்னு நெனச்சதால கம்மியா பெத்தாங்க, ரெண்டும் வேற வேற. 1982ல சத்துணவு வந்ததுல இருந்து ஆடு மேய்க்கப் போன பையன் ஸ்கூலுக்குப் போயிட்டான், அன்னைல இருந்து குழந்தை வீட்டுக்கு ஒரு கைங்கறது போய் ஒரு செலவாயிருச்சு. பஸ் வசதி வந்து, டவுன்ல இருக்கறவன் ரெண்டோட நிறுத்திட்டு பையனை இன்ஜினியரிங் சேத்தத பக்கத்து ஊர்க்காரன் பாத்துட்டான், அதுவும் ஒரு காரணம். இதுக்கெல்லாம் முன்னாடி, 1930கள்லயே பெரியார் கர்ப்பத்தடைய மேடை போட்டு பேசினாரு, அதுவும் நாட்டுப் பொருளாதாரம் அது இதுன்னு சொல்லாம பொண்ணோட விடுதலைக்குன்னு. ஆத்தா அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போனவங்க இல்ல, ஆனா அந்தப் பேச்சு ஒரு காத்து மாதிரி ஊருக்குள்ள சுத்திட்டு தான் இருந்திருக்கும்.

அந்த சர்வேல ஒரு கேள்வி இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி. ஏற்கெனவே குழந்தை இருக்கறவங்ககிட்ட, குழந்தையே இல்லாத அந்தக் காலத்துக்கு நீங்க திரும்பிப் போக முடிஞ்சா, வாழ்க்கை பூரா சேத்து எத்தனை குழந்தைன்னு சரியா நீங்களே தேர்ந்தெடுக்கலாம்னா, எத்தனை சொல்லுவீங்கன்னு கேப்பாங்க. வாசல்ல நின்னு நோட்டோட கேக்கற கேள்வியா இது? பின்னாடி மாமியார் கூட்டிட்டு இருப்பாங்க, இடுப்புல ரெண்டாவது புள்ள இருக்கும், அப்ப அந்தப் பொண்ணு "ஒண்ணு போதும்"னு சொல்லுவாளா என்ன. இருக்கற எண்ணிக்கையத் தான் சொல்லுவா.

இன்னொரு பக்கமும் இருக்கு, எழுதாம விட மனசு வரல. கம்மியா பெத்துக்கறதுன்னு முடிவு பண்ணின வீடுகள்ல "ஒண்ணு தான்னா அது பையனா இருக்கட்டும்"ங்கறது சேந்தே வந்துச்சு. எங்க ஆத்தா காலத்துல நாலு பொண்ணுக்கு அப்புறம் பொறந்தவளுக்கு "போதும்பொண்ணு"ன்னு பேர் வெச்சு சாமிக்கு மனு போட்டாங்க, தெக்கத்திப் பக்கம் அந்தப் பேர் இன்னும் ரேஷன் கார்டுல இருக்கு, திருத்தணிப் பக்கம் "வேண்டாம்"னே பேர் வெச்சாங்க. எங்க அம்மா காலத்துல பேருக்கு பதிலா ஸ்கேன் வந்துருச்சு. வேண்டாம்னு விடற பொண்ணு குழந்தைய அரசாங்கமே எடுத்துக்கற தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல 1992ல ஆரம்பிக்க வேண்டியிருந்ததுன்னா நெலமைய யோசிச்சுக்கோங்க. அதே வருஷம் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் வந்துச்சு, பொண்ணு பேர்ல அரசாங்கம் டெபாசிட் போடும், ஆனா பையன் இருக்கக் கூடாது, அப்பா அம்மால ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கணும். ஒருத்தர்னு தான் போட்டிருக்கு, யார் பண்ணிக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2019-21 சர்வேல தமிழ்நாட்டுல கல்யாணமான பொண்ணுங்கள்ல 100க்கு 58 பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. ஆம்பளைங்க 1000க்கு ஒருத்தர். ஆம்பளைக்கு அது ரொம்ப சின்ன ஆபரேஷன், கத்தி கூட இல்லாம பண்றாங்க, ஆனா கேட்டா "வெயிட் தூக்க முடியாது"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும், வாழ்நாள்ல தண்ணி கேன் கூட தூக்காத ஆளு.

சரி என் கதைக்கு வர்றேன். பாப்பா சிசேரியன். நான் தனி ஆள் இல்ல, அதே 2019-21 சர்வேல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரின்னா 64. இத ஏன் சொல்றேன்னா வயித்துல ஒரு தடவ கத்தி வெச்ச பின்னாடி "மூணு பெத்துக்கலாமா"ங்கற பேச்சே எந்திரிக்காது, ரெண்டாவதுக்கே தையலை நெனச்சா முதுகு வலிக்குது. எல்கேஜிக்கு முதல் வருஷம் மட்டும் 85 ஆயிரம் கட்டினோம், வேன் தனி. ரெண்டாவதுன்னா இதே ரெண்டு தடவன்னு நெனைக்கறீங்க, அப்படி இல்ல, முதல் குழந்தைய இதே ஸ்கூல்ல வெச்சுக்க முடியுமாங்கறது தான் கேள்வியா மாறிருது. ஆனா பணத்தக் கூட எப்படியோ சமாளிக்கலாம்ங்க, நானும் சம்பாதிக்கறேன். எனக்கு பதில் தெரியாத கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், காலைல எட்டரைல இருந்து பொழுதோட ஏழு மணி வரைக்கும் குழந்தைய யார் பாத்துக்குவா?

மாமியாருக்கு முட்டி போயிருச்சு, அந்த ஷெட்ல நின்னு நின்னு போன முட்டி. அம்மா கோபில, மாட்டை விட்டுட்டு கோயமுத்தூர் வந்து ரெண்டு நாள் தங்க மாட்டாங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடத்துல குழந்தைங்க காப்பகம் இருக்கணும்னு 2017ல சட்டமே வந்துச்சு, நான் வேலை பாக்கற கம்பெனிலயும் அப்படி ஒரு ரூம் இருக்கு, கதவுல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, உள்ள ஜெனரேட்டருக்கு டீசல் கேன் அடுக்கி வெச்சிருக்காங்க. பாப்பா பொறந்தப்ப ஆறு மாச லீவு முடிஞ்சு வந்தேன், என் சீட்டுல வேற ஆள். ஒண்ணும் கேக்கல, வேற டேபிள் குடுத்தாங்க, உக்காந்துட்டேன். இதயெல்லாம் இன்னொரு தடவ செய்யணும். வீட்டுக்காரர் நல்லவர், பாத்திரம் கழுவுவாரு, பாப்பாவ குளிப்பாட்டுவாரு, ஆனா பாப்பாவுக்கு காய்ச்சல்னு டே கேர்ல இருந்து போன் வந்தா அது எனக்குத் தான் வரும், அவர் நம்பரும் எழுதிக் குடுத்திருக்கோம், இருந்தும் எனக்குத் தான் வரும்.

இந்த நெலமைல 2024 அக்டோபர்ல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் சென்னைல 31 ஜோடிக்கு நடந்த அறநிலையத்துறை கல்யாணத்துல "பதினாறு குழந்தை ஏன் பெத்துக்கக் கூடாது"ங்கற மாதிரி பேசினாரு. தொகுதி மறுவரையறைல ஜனத்தொகைய வெச்சு எம்பி சீட்டு பிரிச்சா நமக்கு இருக்கற 39க்கு என்ன ஆகும்ங்கற கவலைல சொன்னது, அந்தக் கவலை நியாயம் தான், சொன்ன பேச்சைக் கேட்டு கம்மியா பெத்துக்கிட்டவனுக்கு தண்டனையான்னு கேக்கறது தப்பே இல்ல. பதினாறும் பெற்று பெருவாழ்வுங்கறதுல பதினாறு பதினாறு செல்வம், குழந்தை இல்லங்கறதும் அவருக்கும் தெரியும், அவரே அதைச் சொல்லிட்டுத் தான் பேசினாரு. எங்க மாமியார் அந்த நியூஸை போன்ல வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாங்க. ஆந்திராவுல மூணாவது குழந்தை இருந்தா உள்ளாட்சித் தேர்தல்ல நிக்க முடியாதுன்னு வெச்சிருந்த சட்டத்தையே அந்த வருஷம் எடுத்துட்டாங்க. ஆனா இங்க பிரசவ உதவி பணமும் பொருளும் சேத்து 18,000 ரூபாய், முதல் ரெண்டு பிரசவத்துக்குத் தான். சம்பளத்தோட மகப்பேறு லீவு 26 வாரம், மூணாவதுன்னா 12 வாரம். செவுத்துல எழுதினது அழிஞ்சாலும் அப்ளிகேஷன் பாரத்துல எழுதினது அப்படியே தான் இருக்கு. தென் கொரியாவுல கோடி கோடியா கொட்டிப் பாத்தும் 2023ல ஒரு பொண்ணுக்கு 0.72 குழந்தைன்னு எறங்கிருச்சு. ஒரு தடவ எறங்கினா கூப்பிட்டு ஏத்த முடியாது போல.

எனக்கு உண்மையா பயம்னா வேற ஒண்ணு. எனக்கும் கூடப்பொறந்தவங்க இல்ல, அவருக்கும் இல்ல. பாப்பாவுக்கு மாமன் இல்ல, அத்தை இல்ல, சித்தி, சித்தப்பா, பெரியம்மா யாரும் இல்ல, நேர் சொந்தத்துல ஒரு முறை கூட இல்ல. என் கல்யாணத்துல இணைச்சீருக்கு மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ வேணும், அவருக்கு ஏது, ஒண்ணுவிட்ட அக்காவ உக்கார வெச்சோம். பாப்பா தலைமுறைல ஒண்ணுவிட்டவங்க கூட இருக்க மாட்டாங்க, கடன் வாங்கறதுக்கும் ஆள் வேணுமே. போன தீபாவளிக்கு மறுநாள் அப்பாவுக்கு கோபில நெஞ்சு வலி, அதே வாரம் மாமாவுக்கு கண்ணு ஆபரேஷன், நாங்க ரெண்டு பேர், பெரியவங்க நாலு பேர், நடுவுல இவ. ஈரோடு பைபாஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு கார்ல தனியா போகும்போது தான் ஒரு தம்பி இருந்திருக்கலாம்னு முதல் தடவையா தோணுச்சு. அதுக்காக இன்னொரு குழந்தைய பெக்கணுமான்னா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கு ஆள் வேணும்னு ஒரு உசுரைக் கொண்டு வர்றதும் ஆட்டை ஓட்ட ஆள் வேணும்னு பெத்ததும் ஒண்ணு தானே. அதே சமயம் கூடப்பொறந்தவங்க மூணு பேர் இருந்தும் அம்மாவ யார் வெச்சுக்கறதுன்னு பஞ்சாயத்து பண்ற வீடும் எங்க அபார்ட்மென்ட்லயே இருக்கு.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு சுயநலம்"னு யாராவது சொன்னா மட்டும் எனக்கு சுர்ருன்னு ஏறுது. தறி ஓடணும்னு ஒண்ணோட நிறுத்தினா பொறுப்பு, டேபிள் போயிரும்னு ஒண்ணோட நிறுத்தினா சுயநலமா?

நானும் அவரும் இத உக்காந்து முழுசா பேசினது இல்ல. பேச ஆரம்பிப்போம், பாப்பா எந்திரிச்சுருவா, இல்லேன்னா தூக்கம் வந்துரும். போன ஞாயித்துக்கிழமை கீழ் வீட்டு அக்கா வந்தாங்க, அவங்க பொண்ணுக்கு கொழந்த பொறந்திருக்கு, எங்க ஹால் கொக்கில தொட்டில் கம்பி, அந்த ஸ்ப்ரிங், சும்மா தான தொங்குது, குடுத்தா கொஞ்ச நாள் வெச்சுக்கறோம்னு கேட்டாங்க. நான் சரின்னுட்டேன். இவர் சேர் போட்டு ஏறி கழட்டி, துணியால தொடைச்சு, ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாரு. அக்கா படி எறங்கிப் போன பின்னாடி என்கிட்ட மெதுவா "ஆறு மாசம் கழிச்சு ஞாபகமா திருப்பி வாங்கிரு, இப்ப வர்றதெல்லாம் இந்த மாதிரி ஸ்ட்ராங்கா இல்ல"ன்னாரு. சரிங்கன்னு சொல்லிட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.